என் கையும் என் வாக்குமூலமும்

பாகிஸ்தானோடு நடந்த சண்டை ஓய்ந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. நான் கடலூர் முதுநகரில் அம்மாவோடும் அண்ணனோடும் இருந்தேன். சிதம்பரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் சரித்திரம் சொல்லிக் கொடுக்கும் வேலை. காலை பாசஞ்சர் வண்டியில் போய் மாலையில் திரும்புவேன்.

அன்று காலை என் பக்கத்தில் பூக்காரம்மா உட்கார்ந்திருந்தாள். சிதம்பரத்துக்குப் பூக்கூடை கொண்டுபோய் விற்பவள். தினமும் பார்க்கிற முகம். கூடையை பெஞ்சுக்கு அடியில் தள்ளப் போனாள். அங்கே ஏற்கெனவே ஒரு சாக்குப் பை இருந்தது. "யாருதுங்க இது?" என்று கேட்டாள். யாரும் பதில் சொல்லவில்லை. காலால் நகர்த்திவிட்டுக் கூடையை வைத்தாள்.

அதற்குப் பிறகுதான் பாய் ஏறினார். பரங்கிப்பேட்டையில் கைலிக் கடை வைத்திருந்தவர். சரக்கு எடுக்கக் கடலூர் வந்து போவார். பெரிய தகரப் பெட்டியோடு எங்களுக்கு எதிரே உட்கார்ந்தார். பரங்கிப்பேட்டையில் அவர் இறங்கும்போது பெட்டியின் ஒரு பக்கத்தை நான்தான் பிடித்துக் கொடுத்தேன். "வரேன் டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வண்டி வெள்ளாற்றுப் பாலத்தைத் தாண்டியது. அடுத்து எனக்கு நினைவிருப்பது சத்தம் அல்ல, வெளிச்சம். கண் விழித்தபோது தண்டவாளத்தின் ஓரம் மண்ணில் கிடந்தேன். என்னைச் சுற்றி ஆட்கள் வாயை அசைத்தார்கள், ஒன்றும் கேட்கவில்லை. பூக்காரம்மா செத்துப்போனாள் என்பது ஆஸ்பத்திரியில்தான் எனக்குத் தெரிந்தது. எனக்கு இடது கையில் இரண்டு விரல்கள் போயின. இடது காது இன்றுவரை கேட்காது.

வெடித்தது குண்டு என்று தெரிந்ததும் ஊர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டது. வெடிப்பதற்கு முந்தின ஸ்டேஷனில் ஒரு பாய் இறங்கியிருக்கிறார். சண்டை நடந்து முடிந்த நேரம் வேறு. அதற்கு மேல் யாருக்கும் எதுவும் தேவைப்படவில்லை. போலீஸார் அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவர் தெருவில் மீசை முளைத்த ஆண்கள் அத்தனை பேரையும் லாரியில் ஏற்றினார்கள். கடலூரிலும் சிதம்பரத்திலும் கடைகளின் மேல் கல் விழுந்தது. பூக்காரம்மாவின் பிணத்தை முஸ்லிம்கள் தெரு வழியாக வேண்டுமென்றே சுற்றி எடுத்துப் போனார்களாம். உயிரோடு இருந்தபோது வண்டியில் அவளுக்கு யாரும் நகர்ந்து இடம்கூடக் கொடுத்ததில்லை.

சப்-இன்ஸ்பெக்டர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். மரியாதையாகத்தான் பேசினார். வாக்குமூலத்தை எழுதியே எடுத்து வந்திருந்தார்.

"நீங்க கையெழுத்துப் போட்டா போதும்மா. படுத்துக்கிட்டே போடலாம்."

வாங்கிப் படித்தேன். பாய் ஒரு பையை பெஞ்சுக்கு அடியில் வைத்ததை நான் பார்த்ததாக அதில் இருந்தது.

"நான் இப்பிடிப் பாக்கலையே சார். பை முன்னாடியே இருந்துது. அவுரு அப்புறந்தான் ஏறுனாரு."

"உங்களுக்கு அடி ஜாஸ்திம்மா. ஞாபகம் கொழம்பியிருக்கும்."

"காதுதான் சார் போச்சு. ஞாபகம் போகல."

அவர் முகம் மாறியது. "இது நாட்டு வெவகாரம். ஜனங்க கொதிச்சுப் போயிருக்காங்க. சீக்கிரம் ஒருத்தனக் காட்டுனாத்தான் அடங்குவாங்க."

"ஒருத்தனக் காட்டுனா ஜனங்க அடங்கிடுவாங்க சார். வச்சவன் அடங்குவானா? நீங்க தேடலன்னு தெரிஞ்சா அடுத்த வண்டியில ஏறுவான்."

அவர் காகிதத்தை மடித்துக்கொண்டு போய்விட்டார். எனக்கு அப்போது கோபம் எவ்வளவு இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. குண்டு வைத்தவன் கையில் கிடைத்திருந்தால் மீதி மூன்று விரலாலேயே அவன் கழுத்தைப் பிடித்திருப்பேன். அதனால்தான் அந்தக் கோபத்தைத் தப்பான ஆள் மேல் செலவழிக்க எனக்கு மனம் வரவில்லை.

அண்ணன் கல்லெறிந்த கூட்டத்தில் இருந்தான் என்பதை அம்மாதான் அழுதுகொண்டே சொன்னாள். அவன் வந்ததும் கேட்டேன். மறைக்கவில்லை.

"ஒன் கை போயிருக்கு. நாங்க சும்மா பாத்துக்கிட்டு இருக்கணுமா?"

"கை யாருது?"

"இன்னா கேள்வி இது?"

"என்னுது. அத எடுத்துக்கிட்டுப் போயி நீ எவன் கடையிலயோ கல்லு வுடாத."

அவன் சாப்பாட்டுக் கூடையைக் கட்டில் மேல் வைத்துவிட்டுப் போனான். ஆனால் அடுத்த வாரம், நான் மாஜிஸ்திரேட்டிடம் வாக்குமூலம் கொடுக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தபோது, என்னைக் கைத்தாங்கலாக அழைத்துப் போனவனும் அவன்தான். போகும் வழியெல்லாம், "நீ செய்யறது எனக்குப் புடிக்கல" என்று சொல்லிக்கொண்டே வந்தான். சாக்குப் பை, பூக்காரம்மா கேட்ட கேள்வி, பாயின் தகரப் பெட்டி எல்லாவற்றையும் நான் சொன்னேன். மாஜிஸ்திரேட் நடுவில் குறுக்கிடாமல் எழுதிக்கொண்டார்.

பிறகு சிதம்பரத்தில் ஒரு கண்டனக் கூட்டம் போட்டார்கள். என்னை மேடையில் உட்கார வைத்தார்கள். கட்டுப் போட்ட கை ஜனங்களுக்குத் தெரியும்படி நாற்காலியைத் திருப்பிப் போட்டார் ஒருவர். பேசியவர் நல்ல குரல்வளம் உள்ளவர். இந்தச் சகோதரியின் விரல்களுக்கு அந்தத் தெருவே பதில் சொல்ல வேண்டும், நாடு பலமான நாடு என்று காட்ட வேண்டும் என்றார். கைதட்டல் பந்தலை அசைத்தது.

நான் எழுந்து போய் மைக்கைப் பிடித்தேன். பள்ளிக்கூடத்தில் பேசிய பழக்கம்தான், கூட்டத்தில் பேசியதில்லை.

"எனக்குப் பதில் சொல்ல வேண்டியவன் குண்டு வச்சவன். தெரு இல்ல. அந்தத் தெருவுல இருக்கற கொழந்தைங்க என் வெரல எடுக்கல. நாம பயந்து போயி ஒருத்தர ஒருத்தர் அடிச்சிக்கணும்னுதான் அவன் வச்சான். நீங்க கல்லு எடுத்தா அவன் சொன்ன வேலையத்தான் செய்யறீங்க. நாடு பலமா இருக்குன்னு காட்டணும்னா அவனத் தேடிப் புடிங்க, கோர்ட்டுல நிறுத்துங்க. நான் நாளைக்கு அதே வண்டியில வேலைக்குப் போறேன். பலம்னா எனக்குத் தெரிஞ்சது அதான்."

கைதட்டவில்லை. பின்வரிசையில் யாரோ, "பாய்ங்க துட்டுக் குடுத்துட்டாங்க போல" என்றார்கள். மேடையில் இருந்தவர்கள் என்னைப் பார்க்காமல் அடுத்தவரைப் பேச அழைத்தார்கள். நான் நடுவில் இறங்கிப் போகவில்லை. கூட்டம் முடியும்வரை அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் வண்டி ஏறினேன். பெட்டி பாதி காலி. வெள்ளாற்றுப் பாலம் வந்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆற்றையே பார்த்தேன். அடுத்த ஸ்டேஷனான கிள்ளை வந்ததும்தான் மூச்சு விட்டேன். போகப் போக மற்றவர்களும் ஏறத் தொடங்கினார்கள். என்னால்தான் என்று சொல்லமாட்டேன். பிழைப்பு எல்லோருக்கும் இருந்தது.

வழக்கை மதராசிலிருந்து வந்த ஒரு அதிகாரி எடுத்துக்கொண்டார். அவர் அதிகம் பேசாதவர். சாக்குப் பையைப் பற்றி என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டார். கிணறு வெட்ட வாங்கிய வெடிமருந்து எங்கே குறைந்தது என்று ஊர் ஊராக விசாரித்தார். சில மாதங்கள் கழித்து இரண்டு பேரைப் பிடித்தார். பாய்க்கும் அவர்களுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அவர்கள் எதற்காகச் செய்தார்கள் என்பதை நான் இங்கே எழுதப்போவதில்லை. அதை ஊரெல்லாம் பேச வேண்டும் என்றுதான் குண்டு வைத்தார்கள். என் பேனா அவர்களுக்குத் தண்டோரா போடாது.

அவர்கள் பிடிபட்டபோது அவர்களுடைய தெருவில் ஒரு கதவையும் யாரும் தட்டவில்லை. லாரி வரவில்லை, கல்லும் விழவில்லை. அதுதான் சரி. முதலிலும் அப்படித்தானே இருந்திருக்க வேண்டும் என்று நான் பார்த்தவர்களிடமெல்லாம் கேட்டேன். பலர் பேச்சை மாற்றினார்கள்.

பாய் விடுதலையாகி வெளியே வந்தபின் ஒருநாள் பரங்கிப்பேட்டை ஸ்டேஷனில் வண்டி நின்றபோது ஜன்னலுக்கு அருகில் வந்தார். ஆள் பாதியாகியிருந்தார். நடையில் ஒரு சாய்வு.

"நன்றி சொல்ல வரல டீச்சர்," என்றார். "நடந்தத நடந்தபடி சொன்னதுக்கு நன்றி சொல்ற நெலமைக்கு ஒரு மனுசனக் கொண்டாந்துட்டாங்களே. எனக்கு அந்த ஆத்திரம் அடங்கல."

"எனக்கும் அடங்கல பாய்."

"அடங்க வேணாம்," என்றார். "ஊர வுட்டுப் போயிடு, பினாங்குல மச்சான் கடை இருக்குன்னு வூட்ல சொல்றாங்க. நான் எதுக்குப் போவணும்?"

போகவில்லை. கடையை அதே இடத்தில் திறந்தார்.

கடலூர் கோர்ட்டில் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். அந்த இருவருக்கும் வக்கீல் இருந்தார். அவர் என்னைக் குறுக்குக் கேள்வி கேட்டுக் குடைந்தார். கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னேன். குற்றவாளிகளில் ஒருவன் என் கையைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். கையைப் புடவைக்குள் இழுத்துக்கொள்ளாமல் சாட்சிக் கூண்டுக் கட்டையின் மேல் எடுத்து வைத்தேன். பார்க்கட்டும்.

அவர்களுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. தூக்கில் போட்டிருக்க வேண்டும் என்றான் அண்ணன். வேண்டாம் என்றேன் நான். அந்த விஷயத்தில் எங்கள் இருவருக்கும் இன்றுவரை ஒத்துப்போகவில்லை.