மகள் கல்யாணத்தில் எனக்கு ஏழாம் மாதம்

நிச்சயதார்த்தத் தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு ஓங்கரித்துக்கொண்டு வந்தது. சில வருஷங்களுக்கு முன்னால், தை மாதக் கடைசி. என் மகள் ஜெனிக்குத் துறையூரில் மாப்பிள்ளை பேசி முடித்திருந்தோம். தவக்காலம் நெருங்கிவிட்டது, அதில் கோயிலில் கல்யாணம் வைக்க மாட்டார்கள். ஈஸ்டர் முடிந்து வைகாசியில் வைத்துக்கொள்ளலாம் என்று பேச்சு. வேலை தலைக்கு மேல் கிடந்தது. பித்தமாக இருக்கும் என்று சீரகத் தண்ணீரைக் குடித்துவிட்டு மெஷினில் உட்கார்ந்துவிட்டேன்.

நான் ஆரோக்கியமேரி. திருவெறும்பூரில் வீட்டு முன்னறையில் ரவிக்கை தைக்கிறவள். வாய் கொஞ்சம் ஜாஸ்தி. அளவெடுக்க வருகிற பெண்ணின் இடுப்பில் டேப்பைச் சுற்றும்போதே, "என்னடி, எத்தனாவது மாசம்?" என்று கேட்டு வெட்கப்பட வைப்பேன். என் இடுப்பில் அந்த டேப்பைச் சுற்றிப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை. நாற்பத்திரண்டு வயது. நாள் தள்ளிப்போனதை, நிற்கிற காலம் வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

கல்யாணத்துக்கு எனக்கென்று எடுத்த அரக்குப் பட்டுக்குப் பழைய அளவிலேயே ரவிக்கை தைத்து முடித்தேன். போட்டுப் பார்த்தால் கொக்கி மாட்டவில்லை. ஐயோ மாதாவே! அப்போதுதான் டேப்பை எடுத்து என் இடுப்பில் சுற்றினேன்.

தெரிந்தவர்கள் கண்ணில் படக் கூடாது என்று சத்திரம் பஸ் ஸ்டாண்ட் போய், பஸ் மாறி, ஸ்ரீரங்கத்தில் ஒரு டாக்டரம்மாவிடம் போனேன். ஸ்கேன் பார்த்துவிட்டு அவர் நிதானமாகச் சொன்னார். "மூணு மாசம் முடியப்போறது. குழந்தை நன்னா இருக்கு. ஆனா உங்க வயசுக்கு பிபி அது இதுன்னு ரிஸ்க் இருக்கு. வேண்டாம்னா இப்பவே சொல்லுங்கோ, சட்டப்படியே பண்ணலாம். வேணும்னா நான் பார்த்துக்கறேன். முடிவு உங்களோடது."

அங்கே அழுகை வரவில்லை. திரும்பி வரும்போது காவிரிப் பாலத்தில் வந்தது. மாமியார் ஆகப் போகிறவள் வயிற்றைத் தள்ளிக்கொண்டு நிற்பதா? பொய் சொல்ல மாட்டேன், யாருக்கும் தெரியாமல் இது இல்லாமல் போய்விட்டால் என்ன என்று பாலத்தின் பாதியில் நானும் நினைத்தேன். பாலம் முடிவதற்குள் அந்த நினைப்பைக் கண்டு எனக்கே பயம் வந்துவிட்டது. எனக்கு வந்தது வியாதி இல்லை. ஜெனியோடு கூடப்பிறந்த ஒன்று. ஆண்டவர் கொடுத்த உயிரை, நாலு பேர் சிரிப்பார்கள் என்பதற்காக வேண்டாம் என்று சொல்ல நான் யார்? முடியாது என்று பஸ்ஸிலேயே வாய்விட்டுச் சொன்னேன். பக்கத்து சீட்டுக்காரம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

என் வீட்டுக்காரர் ஃபேக்டரியிலிருந்து வந்ததும் சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டார். "ஊர் சிரிக்குமே மேரி," என்றார்.

"சிரிக்கட்டும். சிரிச்சு முடிச்சிட்டு அவங்கவங்க வீட்டுக்குப் போயிடுவாங்க," என்றேன்.

ஜெனிதான் என்னை உடைத்துப்போட்டாள். "சீ" என்றாள் முதலில். பிறகு, "என் தலைப்பிரசவத்தை யாரும்மா பாப்பாங்க? நீ அப்ப தொட்டில் ஆட்டிக்கிட்டு இருப்பியா?" என்று கேட்டாள். அதோடு பேச்சை நிறுத்திவிட்டாள். என் பக்கத்திலேயே உட்கார்ந்து காஜா எடுப்பாள், கொக்கி வைப்பாள், முகத்தை மட்டும் பார்க்க மாட்டாள். பெற்ற பிள்ளை முகம் கொடுக்காத வீட்டில் சோறு இறங்குமா?

என் பெரிய நாத்தனார், எங்கள் தெருக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கிற அன்பியத்தின் தலைவி. கருவில் இருக்கும் குழந்தைகளுக்காக மன்றாட்டு என்றால் முதல் ஆளாக எழுந்து நிற்பவர். ஜெனியைத் தூக்கி வளர்த்தவரும் அவர்தான், இந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்தவரும் அவர்தான். பயத்தில் அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"மேரி, கோவிச்சுக்காத. ஸ்ரீரங்கத்துலயே முடிச்சிட்டு வந்துரு. நானே கூட வர்றேன். யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியுமே அண்ணி."

"பொண்ணு வாழ்க்கை உனக்குப் பெருசில்லையா?"

"ரெண்டும் எனக்குப் புள்ளைங்கதான். ஒண்ணைக் கொடுத்து ஒண்ணை வாழவைக்கச் சொல்றீங்களா? நடக்காது."

"அப்ப கல்யாணத்துக்காச்சும் வராத. படுக்கையில இருக்கான்னு சொல்லிக்கிறோம்," என்று அழுதுகொண்டே போனார்.

அன்றைக்கு ஜெபமாலையை எடுத்துக்கொண்டு மெஷின் முன்னால் உட்கார்ந்தேன். கண்ணீர் மல்க உருக்கமாக ஜெபித்தேன் என்று சொன்னால் அது பொய். எனக்குக் கோபம். ஆண்டவரோடு வேலையைப் பங்கு பிரித்துக்கொண்டேன். "வயிற்றில் இருப்பதைச் சுமப்பது என் வேலை. அதில் ஒரு குறை வைக்க மாட்டேன். என் மகள் மனதைத் திருப்புவது உம்முடைய வேலை. என்னால் ஆகாது. நீரே பார்த்துக்கொள்ளும்." தினமும் இதே ஜெபம்தான், வேறு வார்த்தை இல்லை.

மறைத்துக் கல்யாணம் செய்வதில் எனக்குச் சம்மதம் இல்லை. தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, சிலுவைப்பாதை முடிந்ததும் பஸ் ஏறித் துறையூர் போய்ச் சம்பந்தியம்மாவிடம் நானே சொல்லிவிட்டேன். அவர் என் வயிற்றைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். "வீட்டுல பேசிட்டுச் சொல்றோங்க," என்றார். காபி கொடுத்து அனுப்பினார். அதற்குப் பிறகு ஒரு போன்கூட இல்லை. அவ்வளவுதான், சம்பந்தம் கைவிட்டுப் போயிற்று என்று எங்கள் வீட்டில் எல்லாருமே நினைத்தோம்.

பங்குனி பிறந்ததும் எனக்குக் கால் வீங்கியது, பிபி ஏறியது. டாக்டரம்மா படுக்கச் சொல்லிவிட்டார். உள்ளறையில் படுத்திருந்த ஒரு மதியம், முன்னறையில் நாத்தனார் குரல் கேட்டது. "ஜெனி, நீ அழுது கேட்டா உங்கம்மா கேப்பாடி. உன் கல்யாணத்துக்காகத்தானே இவ்வளவும் சொல்றோம். இன்னும் நாள் போனா எதுவும் செய்ய முடியாது."

மெஷின் சத்தம் நின்றது.

"என் பேரைச் சொல்லி அதைக் கேக்காதீங்க அத்தை," என்றாள் ஜெனி.

"என்னடி சொல்ற?"

"நாளைக்கு எனக்கு ஒரு குழந்தை பொறந்தா, இதை நெனச்சுக்கிட்டேதான் அதைத் தூக்கணும். என்னால முடியாது. கல்யாணம் நின்னா நிக்கட்டும்."

தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதேன். ஆண்டவர் அவர் வேலையை ஆரம்பித்துவிட்டார் என்று தெரிந்துகொண்டேன். ஆனால் ஜெனி உள்ளே வரவில்லை, என்னிடம் பேசவும் இல்லை.

ஈஸ்டர் வந்தது, போனது. எங்கள் கோயில்களில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பது உங்களுக்குத் தெரியும். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சாமியார் அறிவிப்பார். மாப்பிள்ளை வீட்டார் சரி என்று சொல்லாமல் வாசிக்க மாட்டார்கள். முதல் ஓலைக்கு உரிய ஞாயிறு, திருப்பலியில் சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நற்கருணை நன்மை வாங்கி முடிந்தது. சாமியார் அறிவிப்பு வாசிக்க ஆரம்பித்தார். கண்ணை மூடிக்கொண்டேன். என் மகள் பெயர் ஒலிபெருக்கியில் வந்தது. கூடவே மாப்பிள்ளை பெயரும் வந்தது. என் வீட்டுக்காரர் சின்னப் பிள்ளைபோல விம்மிவிட்டார்.

வெளியே வந்தால் சம்பந்தியம்மா நிற்கிறார்! துறையூரிலிருந்து விடியற்காலை பஸ் பிடித்து வந்திருக்கிறார். என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஆம்பளைங்களைச் சரிக்கட்ட நாளாயிடுச்சுங்க. நேத்துதான் உங்க சாமியாருக்குச் சரின்னு போன் போட்டோம். எங்கக்காவுக்குக் கல்யாணமான மறுவருசம் பொறந்தவ நானுங்க. எங்கம்மா ஊருக்குப் பயந்திருந்தா, நான் இப்ப உங்களுக்குச் சம்பந்தி ஆக முடியுமா?" என்றார். வாயாடியான நான் அவர் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்தேன். மெஷின்மேல் என் அரக்குப் பட்டு ரவிக்கை கிடந்தது. இரண்டு பக்கத் தையலையும் யாரோ பிரித்து, உள்ளே விட்டிருந்த துணியை வெளியே எடுத்து, அது போதாமல் அதே பட்டில் ஒட்டுக் கொடுத்துத் தைத்திருந்தார்கள். தையலைப் பார்த்தாலே எந்தக் கை என்று எனக்குத் தெரியும்.

ஜெனி கதவருகே நின்றாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு என் முகத்தைப் பார்த்தாள். "போட்டுப் பாரும்மா. இன்னும் பிடிச்சா சொல்லு, பிரிச்சு விடுறேன். கல்யாணத்தன்னிக்கு நீ முன்னாடிதான் நிக்கணும்."

முன்னால்தான் நின்றேன். ஏழாம் மாத வயிற்றோடு என் மகள் நெற்றியில் சிலுவை போட்டு அனுப்பினேன். சிரித்தவர்கள் சிரித்தார்கள், பிரியாணி சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். எனக்கு நாற்காலி தூக்கிக்கொண்டு பின்னாலேயே அலைந்தவர் யார் தெரியுமா? என் நாத்தனார். ஆவணியில் ஆபரேஷன் செய்து, ஸ்ரீரங்கத்தில் அதே டாக்டரம்மா கையில் என் இரண்டாவது மகள் பிறந்தாள். அவளை முதலில் வாங்கிக்கொண்டவரும் நாத்தனார்தான்.

இதை நான் சாட்சியாகச் சொன்ன ஒரு ஜெபக் கூட்டத்தில், முடிந்ததும் ஒரு சகோதரி தனியாக வந்து, "நான் அன்னிக்குக் கலைச்சிட்டேங்க்கா, கூட நிக்க யாருமில்ல," என்று அழுதார். அவர்மேல் கல்லெறிய நான் வரவில்லை. அவரைக் கட்டிக்கொண்டு நானும் அழுதேன். அந்த ஆண்டவர் அவருக்கும் ஆண்டவர்தான். எந்தப் பெண்ணாவது இப்படித் தவித்து நின்றால், மன்றாட்டு வாசிப்பதோடு நிறுத்தாதீர்கள். பஸ் ஏறி அவள் கூடப் போங்கள்.

இன்றைக்கு அந்த நிலையில் இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் தங்கச்சி, உன் வேலையை நீ செய். மிச்சத்தை அவரிடம் தள்ளிவிடு. தைரியமாகத் தள்ளு, தாங்குவார்.

போன வருஷம் ஜெனிக்குத் தலைப்பிரசவம். நான்தான் பார்த்தேன். இடுப்பில் சின்னவள், கையில் கஞ்சித் தம்ளர். ஜெனி படுத்தபடியே சிரித்து, தன் குழந்தையைக் காட்டிக் கேட்டாள்: "வாடி, உன் அக்கா மகனைத் தூக்குறியா?" என் சின்னவள் இடுப்பிலிருந்து இறங்கி, இரண்டு கையையும் நீட்டினாள்.