துரைக்குப் போன சொற்கள்

என் தம்பி மகள் மதராஸிலிருந்து எழுதும் கடிதங்களை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். தமிழ்க் கடிதம்தான். ஆனால் தலைவலி என்றால் அது 'டெரிபிள்' தலைவலி. வெயில் என்றால் 'ஹாரிபிள்' வெயில். பரீட்சைக்கு 'வெரி வெரி சீரியஸாக'ப் படிக்கிறாளாம். விளையாட்டாக எழுதுகிறாள். இப்போது எல்லாரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். எனக்கு மட்டும் அந்த 'சீரியஸ்' வந்த இடத்தில் கண் நின்றுவிடும். நாலாவது வரைக்கும் படித்தவள் நான், இங்கிலீஷ் தெரியாது. தெரிந்ததெல்லாம் நாலைந்து சொற்கள். அவை எல்லாம் எங்கள் வீட்டிலிருந்து தந்தியில் போன சொற்கள்.

நான் வாழ வந்த வீடு சேரன்மகாதேவியில், ஆற்றை ஒட்டின தெருவில் இருந்தது. மாமனாருக்குக் கொஞ்சம் வயல் உண்டு. என் வீட்டுக்காரருக்கு (எனக்கு எப்போதும் 'அவர்கள்'தான்) கொழும்பில் ஒரு வெள்ளைக்கார துரையின் தேயிலைக் கம்பெனியில் எழுத்து வேலை. தூத்துக்குடியில் சாயந்திரம் கப்பலேறினால் விடிந்தால் கொழும்பு. அதனால் தூரம் ஒன்றும் பெரிதில்லை. துரையிடம் லீவு வாங்குவதுதான் பெரிது. கல்யாணம், கோவில் கொடைத் திருவிழா என்று போய் நின்றால் விடமாட்டார். தாய்க்கு உடம்பு சரியில்லை என்று ஊரிலிருந்து தந்தி வரவேண்டும். அது இங்கிலீஷில் இருக்கவேண்டும். துரை அதைத் தன் கண்ணால் வாசிக்கவேண்டும்.

கொழும்புக்குப் பிள்ளையை அனுப்பிய வீடுகள் எல்லாவற்றிலும் இதே வழக்கம்தான். எங்கள் தெருவில் குடம் குடமாக ஆற்றுத் தண்ணீர் சுமந்த எத்தனையோ தாய்மார், கொழும்பு ஆபீசுகளில் படுத்த படுக்கையாகக் கிடந்தார்கள்.

தந்தியை எழுதிக் கொடுக்கிறவர் அதே தெருவில் இருந்த ஒரு வக்கீல் குமாஸ்தா. மாமனாரிடம், "எந்தப் படியில எழுத, அண்ணாச்சி?" என்று கேட்பார். 'சிக்' என்பது கீழ்ப்படி; அதற்கு லீவு கிடைக்காது. அதற்கு மேலே 'சீரியஸ்'. அதற்கும் மேலே 'டேஞ்சரஸ்'. எல்லாவற்றுக்கும் உச்சியில் ஒன்று இருக்கிறது, அதை எடுத்துவிட்டால் அப்புறம் எடுக்க ஒன்றும் கிடையாது, பத்திரமாக இருக்கட்டும் என்பார். ஊறுகாய் ஜாடியைப் பற்றிப் பேசுகிற மாதிரி இருக்கும்.

முதல் தந்தி நாத்தனார் கல்யாணத்துக்குப் போனது. 'மதர் சீரியஸ்.' அன்றைக்கு என் மாமியார் அடுப்படியில் முறுக்குச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். குமாஸ்தா எட்டிப் பார்த்து, "மதினி, நீங்க இப்ப சீரியஸ். எந்திரிச்சு நடமாடாதிய" என்றார். "நான் போய்ச் சேந்துட்டா இந்த முறுக்க யாரு சுடுவா, உம்ம பொண்டாட்டியா?" என்றார்கள் அத்தை. நான் மாவுச் சட்டியில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தேன்.

அடுத்த தந்தி என் மகளுக்கு மொட்டை போட்டுக் காது குத்தியபோது. 'சீரியஸ்' ஏற்கெனவே செலவாகிவிட்டதால் 'மதர் டேஞ்சரஸ்' என்று போனது. அவர்கள் வந்து, பிள்ளையை மடியில் வைத்துக் காது குத்தக் கொடுத்து, அது அழுததைவிட அதிகமாகத் தாங்கள் கண்கலங்கித் திரும்பிப் போனார்கள். உன் தாயார் இரும்பால் செய்தவள் போலும் என்று துரை சொன்னாராம். அதைக் கடிதத்தில் எழுதியிருந்தார்கள். மாமனார் வாசித்துக் காட்ட, வீடே சிரித்தது.

இதில் யாரும் சொல்லிவைக்காத ஓர் ஏற்பாடு தானாக அமைந்துவிட்டது. நிஜமாகவே ஏதாவது என்றால் மாமனார் தமிழில் ஒரு கார்டு போடுவார். கார்டு மகனுக்கு, தந்தி துரைக்கு. தந்தியில் என்ன இருந்தாலும் கூடவே கார்டு வரவில்லை என்றால், வீட்டில் எல்லாரும் சுகம், ஏதோ விசேஷம் என்று அர்த்தம்.

அந்த ஐப்பசி மழையில் என் மகளுக்குக் காய்ச்சல் கண்டது. அப்போதுதான் சுவரைப் பிடித்து நடக்கப் பழகியிருந்தாள். வைத்தியர் கஷாயம் கொடுத்தார், காய்ச்சல் இறங்கவில்லை. மாமனார் பதறிப்போனார். கார்டு போய்ச் சேர நாளாகும் என்று தந்திக்கு ஓடினார். 'சைல்ட் சீரியஸ்' என்று போனது. பதில் இல்லை. மறுநாள் 'சைல்ட் டேஞ்சரஸ்.' அதற்கு, லீவு கேட்டிருக்கிறேன் என்று பதில் வந்தது.

அதற்கும் அடுத்த நாள் குமாஸ்தா வந்தபோது நான் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு அறைக்குள் இருந்தேன். கதவு ஒருக்களித்திருந்தது. உச்சியில் வைத்திருந்த சொல்லை அவர் அன்றைக்கு வெளியே எடுத்தார். 'ஹோப்லெஸ்.' அப்படியென்றால் என்ன என்று மாமனார் கேட்டார். இனி நம்பிக்கை இல்லை என்று அர்த்தம் என்றார் அவர்.

என் பிள்ளை அப்போது சங்கில் கொடுத்த பாலைக் குடித்துக்கொண்டிருந்தாள். ஒரு வாய், இன்னொரு வாய், நன்றாகவே இறங்கியது. நான் பக்கத்தில் இருந்த அத்தையின் சேலையைப் பிடித்து இழுத்தேன். ஆண்கள் இருக்கிற இடத்தில் நான் வாய் திறந்தது கிடையாது. அத்தைக்கு என் முகம் புரிந்துவிட்டது. வாசல்படியில் போய் நின்று சொன்னார்கள்:

"பிள்ள பால் குடிச்சிட்டுக் கெடக்கு. அந்தச் சொல்ல எழுதாதீரும்."

"அப்பதான் துரை விடுவான், மதினி. எழுதுனா ஆயிருமா?"

எழுதிக்கொண்டு போனார். அந்தச் சொல் காய்ச்சலுக்கு முன்னே ஓடுகிற மாதிரி எனக்கு இருந்தது. சாயந்திரம், வெள்ளிக்கிழமைக் கப்பலில் வருகிறேன் என்று பதில் வந்துவிட்டது. நான் பிள்ளையின் காதில், அப்பா வாராக, அப்பா வாராக என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். வியாழக்கிழமை உச்சி வேளையில் என் மடியிலேயே அடங்கிவிட்டாள். இனி எந்தத் தந்தி அடித்தும் பிரயோஜனமில்லை, நாளைக்குக் கப்பலேறத்தானே போகிறான் என்று விட்டுவிட்டார்கள்.

சனிக்கிழமை மத்தியானம் ஸ்டேஷனிலிருந்து வண்டி வந்து வாசலில் நின்றது. ஒரு பிஸ்கட் டின், துணிமூட்டை, சாவி கொடுத்தால் தலையாட்டும் பொம்மை ஒன்று, எல்லாவற்றையும் இரண்டு கையிலும் அணைத்துக்கொண்டு இறங்கினார்கள். புதுச் சட்டை போட்டிருந்தார்கள். முகம் நிறையச் சிரிப்பு. வாசலில் அத்தையைக் கண்டதும் கேட்டார்கள்:

"என்னம்மா, இந்தத் தடவ நீ தப்பிச்சிட்டியா? பிள்ள மேலயா போட்டிய?"

அத்தை அந்தப் பொம்மையையே பார்த்தார்கள். எதிர்வீட்டு வாசலில் நின்றவர்கள் உள்ளே போய்விட்டார்கள். என் வீட்டுக்காரர் அத்தையின் முகத்தைப் பார்த்தார்கள், அப்புறம் மாமனாரைப் பார்த்தார்கள். சிரிப்பு உடனே போகவில்லை. எங்கே போவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் முகத்திலேயே நின்றது. நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதை நான் பார்த்திருக்கக் கூடாது.

முதல் தந்திக்கே புறப்பட்டிருந்தால் இரண்டு நாள் பிள்ளையோடு இருந்திருக்கலாம். துரை முதல் தந்தியிலேயே போ என்று சொல்லிவிட்டாராம். இவர்கள்தான், கார்டு வராததால் விசேஷம் என்று நினைத்து, லீவு கேட்டிருக்கிறேன் என்று சும்மா பதில் கொடுத்துவிட்டுக் கடைக்குப் போய்ச் சாமான் வாங்கிக்கொண்டிருந்தார்கள். பிற்பாடு ஒருநாள் என்னிடம் சொன்னார்கள், "சொல்லு பெருசாவப் பெருசாவ, விசேஷமும் பெருசுன்னு நெனச்சிட்டேன்." அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசியது கிடையாது. குமாஸ்தா வெகு காலம் எங்கள் வாசல் வழியாக வரவில்லை. வயல் வரப்பில் சுற்றிப் போவார்.

கொழும்புக்குத் திரும்பும்போது, இனி வீட்டு விவரத்தை நீயே தமிழில் எழுது என்று என்னிடம் சொல்லிப் போனார்கள். எனக்கு எழுத வெட்கம். இருந்தாலும் எழுதினேன். எல்லாரும் சுகம், மழை பெய்தது, பசு கன்று போட்டது, இவ்வளவுதான்.

அப்புறம் மகன் பிறந்தான். அவனுக்கு ஒரு வயது நடக்கும்போது உடம்பு லேசாகச் சுட்டது. ஒரு பகலில் விட்டுவிட்டது. மறைக்கக் கூடாதே என்று எழுதினேன். ஒரு சொல்கூட மிஞ்சிவிடக் கூடாது என்று யோசித்து யோசித்து எழுதினேன். 'பிள்ளைக்குக் கொஞ்சம் சூடு இருந்தது. இப்போது இல்லை. பயப்பட வேண்டாம்.'

கார்டு கிடைத்த அன்றைக்கே கப்பலேறிவிட்டார்கள். லீவு கேட்கவில்லை, அந்த வேலை அதோடு போயிற்று. ஸ்டேஷனில் வண்டிக்கு நிற்காமல் மழையில் நடந்தே வந்திருந்தார்கள். கையில் பை கூட இல்லை. முற்றத்துத் தண்ணீரில் பையன் தட்டித் தட்டி விளையாடிக்கொண்டிருந்தான். ஆள் தெரியாமல் வீரிட்டு அழுது என்னிடம் தவழ்ந்து வந்தான். அவர்கள் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மூச்சு இரைத்தது.

துவட்டிக்கொள்ளத் துண்டைக் கூட எடுத்துக் கொடுக்கத் தோன்றவில்லை எனக்கு. அத்தை, மாமனார் எல்லாரும் இருக்கும்போதே கேட்டுவிட்டேன்.

"நான் என்ன எழுதுனா நீங்க நம்புவிய?"

தூணை விடாமலே பையனைப் பார்த்தார்கள்.

"தெரியலியே" என்றார்கள்.