பக்கத்துத் தோட்டத்து இலை

போடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் பதினாறு வருஷமாக அறிவியல் எடுக்கிறேன். இலை எப்படித் தன் சாப்பாட்டைத் தயாரிக்கிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். பச்சையம் வெயிலைப் பிடிக்கிறது. அந்தச் சக்தியில் தண்ணீர் பிரிகிறது. காற்றிலிருந்து வந்த கரியமில வாயு சர்க்கரையாகிறது. பிடித்த வெயில் அந்தச் சர்க்கரைக்குள் தங்கிவிடுகிறது. இவ்வளவு தெரிந்த நான்தான் எங்கள் ஏலக்காய்த் தோட்டத்தைக் கொன்றேன்.

என் வீட்டுக்காரர் பக்கவாதத்தில் படுத்து இரண்டு வருஷமாகிறது. மலைமேல் இருக்கும் அந்தத் தோட்டம் அவர் ஒற்றை ஆளாக நின்று வைத்தது. அவரால் இனி ஜீப்பு ஏற முடியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் தெருமுனை ஜீப்புக்காரரோடு நான் போய் வந்தேன். வீட்டுக்குள் கால் வைத்ததும் செடி எப்படி இருக்கிறது என்று கேட்பார். அந்த ஒரு கேள்விக்காகவே வாரம் முழுக்கப் படுத்திருக்கிறாரோ என்று தோன்றும்.

மாசியில் போனபோது தோட்டம் இருண்டு கிடந்தது. அவர் படுத்ததிலிருந்து நிழல் மரங்களில் கொப்பு கழிக்கவே இல்லை. காயும் குறைவு. எனக்குள் இருந்த டீச்சர் முழித்துக்கொண்டாள். வெளிச்சம் இல்லை, அதனால் சர்க்கரை இல்லை, அதனால் காய் இல்லை. மரம் ஏறுகிற அண்ணனைக் கூப்பிட்டு எல்லாக் கொப்பையும் வெட்டச் சொன்னேன். கோடை போகட்டும், மழைக்கு முன்னால் கொஞ்சமாகக் கழிக்கலாம் என்று அவர் சொல்லிப் பார்த்தார். நான் அவருக்கே பாடம் எடுத்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஏலம் நெழல்லயே பொறந்தது டீச்சரம்மா" என்று மட்டும் சொல்லி அரிவாளோடு ஏறினார். வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. காய் கூடிய பிறகு சொல்லி அவரை அசத்தலாம் என்று இருந்தேன். என்ன திமிர் எனக்கு.

ஏலம் காட்டின் அரைவெளிச்சத்தில் வாழப் பழகிய செடி. கிடைக்கிற கொஞ்ச ஒளியையும் விடாமல் பிடிக்கும் இலை அதற்கு. அதன்மேல் முழு வெயில் விழுந்தால், செலவழிக்க முடியாத சக்தி இலைக்குள்ளேயே நின்று, சமைக்கிற இடத்தையே சிதைத்துவிடும். இதையும் நான் படித்திருக்கிறேன். பரீட்சைக்கு வராது என்று நடத்தாமல் விட்டுவிடுகிற விஷயம். பங்குனியில் இலைகள் வெளிறின. சித்திரை மழையும் கைவிட்டது. இலையோரம் கருகி, தண்டுகள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன.

நன்றாக இருக்கிறது என்று ஆறு ஞாயிறு பொய் சொன்னேன். ஏழாவது ஞாயிறு கிளம்பும்போது, "வரும்போது ஒரு எல கொண்டா. பாக்கணும் போல இருக்கு" என்றார்.

எங்கள் தோட்டத்தில் அவரிடம் காட்டுகிற மாதிரி ஓர் இலைகூட இல்லை. வெகுநேரம் தேடினேன். கடைசியில் வேலிக்கு அந்தப் பக்கம், பலா நிழலில் நின்ற செடியில் ஒன்றைக் கிள்ளிப் பைக்குள் வைத்துக்கொண்டேன். இறங்கும்போது ஜீப்புக்காரர் என்னிடம் பேசவே இல்லை. அதை நான் கவனித்திருக்க வேண்டும்.

வீட்டில் அவர் நல்ல கையால் இலையை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கரும்பச்சை, ஒரு பொட்டு இல்லை. நான் மூச்சுவிட்டேன்.

"எல்லாம் போச்சுன்னு ஜீப்புக்காரரு போன வாரமே சொல்லிட்டாரு" என்றார் மெதுவாக. "நீயா சொல்லுவேன்னுதான் எல கேட்டேன். கருகுனதையாச்சும் கொண்டாருவேன்னு நெனச்சேன்."

அவர் இலையை என் மடியில் வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். செத்துப்போகலாம் போல இருந்தது.

இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில்தான் இருக்கிறேன். செடி எப்படி இருக்கிறது என்று அவர் கேட்பதில்லை.