நிற்கிற கடல்

என் வீட்டுக்காரர் முருகானந்தத்துக்கு ஓரிடத்தில் கால் தங்காது. கைலாசபுரத்தில் ஆலையில் இரும்புக்குப் பெயிண்ட் அடிப்பது வேலை. லீவு நாளில் பிளைவுட் பலகையில் படம் வரைவது வேலை. நடுவில் என் உயிரை வாங்குவதும் ஒரு வேலை.

போன மாதம் அது எல்லை மீறியது. காரணம் பக்கத்து வீட்டு தைரியராஜ் அண்ணன். அவரும் ஆலைக்காரர்தான், தொண்டிப் பக்கம் கடலோரத்தில் பிறந்தவர். ஒரு கண் எப்போதோ போய்விட்டது. மிச்சக் கண்ணிலும் விழித்திரை பிய்ந்துவிட்டது, திங்கட்கிழமை ஆபரேஷன், பார்வை தங்குமா என்று உறுதி சொல்ல முடியாது என்றார் டாக்டர். அதுவரை பஸ் ஏறக் கூடாது, தலையைக் குனிந்தே இருக்க வேண்டும். போனில் படம் காட்டினோம், அந்தச் சின்னத் திரை அவருக்கு வெறும் புகையாகத் தெரிந்தது.

“எங்க ஊரு கடலை ஒரு தடவை பாத்துட்டுப் போறேன் மாப்ள. பெருசா வரைஞ்சு குடு,” என்று இவரிடம் கேட்டார்.

இவர் தொண்டிக் கடலை எங்கே கண்டார்? வையம்பட்டியில் மானாவாரிக் காட்டில் பிறந்தவர். தெரிந்த பெரிய தண்ணீர் காவிரி ஒன்றுதான். சனிக்கிழமை விடிந்ததும் அம்மா மண்டபம் படித்துறைக்கு ஓடினார். திரும்பி வந்து எனாமல் டப்பாக்களைத் திறந்தார். நீலம் தடவினார், துடைத்தார், மறுபடி கெட்டியாகத் தடவினார். சோறு ஆறிப் போனது.

“உக்காந்து சாப்பிடுங்களேன், கடல் எங்கயும் ஓடிடாது!” என்று கத்தினேன்.

ஞாயிறு காலை படத்தை அண்ணன் காலடியில் தரையில் வைத்தோம். குனிந்த தலைக்கு அதுதான் தோது. மூக்கு உரசுகிற அளவுக்குக் கிட்டத்தில் பார்த்தவர் சிரித்துவிட்டார்.

“அட மாப்ள, இது ஓடுதேப்பா! எங்க கடல் காலையில அசையாது. குளம் மாதிரி நிக்கும்.”

எனக்குச் சுருக்கென்றது. நிஜம்தான், அலையெல்லாம் வலமிருந்து இடமாக, படித்துறையில் பார்த்த மாதிரியே போய்க்கொண்டிருந்தது. இவர் முகம் செத்துவிட்டது.

“சொல்லுங்கண்ணே, மாத்திடுறேன்.”

“நீலத்தைக் கொறை. பொழுது கிளம்புறதுக்கு முன்னாடி சாம்பல்தான். கரையோரம் லேசாப் பச்சை. சூரியன் வந்ததும் நடுவுல வெள்ளையா ஒரு வெளிச்சம். அவ்வளவுதான்.”

இவர் அங்கேயே உட்கார்ந்து, அலைகளின் மேலேயே பூசினார். நான் இரண்டு வீட்டுக்கும் நடுவில் நடந்தே ஓய்ந்தேன். சாயங்காலம் அண்ணன் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

“இப்ப நின்னுடுச்சு,” என்றார். கண்ணீர் படத்தில் விழாமல் உள்ளங்கையில் பிடித்துக்கொண்டார்.

ஆபரேஷன் ஆயிற்று. நான் வேண்டாத சாமி இல்லை, ஒன்றும் பலிக்கவில்லை. அண்ணனுக்கு இருட்டும் வெளிச்சமும் பிரித்துத் தெரிகிறது, வேறொன்றும் தெரியவில்லை.

நேற்று பார்க்கப் போனோம். மடியில் படத்தை வைத்து விரலால் தடவிக்கொண்டிருந்தார். மேல்பூச்சுக்கு அடியில் பழைய அலைகள் வரிவரியாக மேடு தட்டியிருந்தன. விரல் அதைக் கண்டுபிடித்துவிட்டது.

“மாப்ள, அடியில உன் காவேரி இன்னும் ஓடிட்டுத்தான்யா இருக்கு.”

இவர் பதறி எழுந்தார். “உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சுக் கொண்டாந்துடுறேண்ணே.”

“வேணாம், விடு. எனக்கு இப்பத் தெரியுறது அது ஒண்ணுதான்.”

இவர் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை.