கருப்புக் கட்டையில் தப்பு வராதாம்

சந்தைக்காரர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் படிக்கல், அதாவது எடைக்கல். கடை கடையாகப் போய்த் தராசைச் சோதித்து முத்திரை குத்துகிற இன்ஸ்பெக்டர் அவர். வேலைக்குச் சேர்ந்த புதிதில், "வாங்க தம்பி, உட்காருங்க தம்பி" என்று வாய் நிறையக் கூப்பிட்ட ஒரு மளிகைக்காரரின் தராசுத் தட்டுக்கு அடியில் காந்தம் ஒட்டியிருந்ததைக் கண்டுபிடித்தார். அன்றைக்குப் போன நம்பிக்கை அப்புறம் திரும்பவே இல்லை. சிரித்துப் பேசுகிற ஆளைக் கண்டாலே தட்டைத் தூக்கிப் பார்க்கிற புத்தி வந்துவிட்டது. கடையில் தூக்கிப் பார்க்கட்டும், அது சர்க்கார் கொடுத்த வேலை. மனுஷன் அந்தப் புத்தியை வீட்டுக்கும் அல்லவா கொண்டுவந்தார்.

பால்காரர் சீக்கிரம் வந்தால், ஏன் சீக்கிரம்? தாமதமானால், ஏன் தாமதம்? மச்சான் பாசமாகப் போன் பண்ணினால் மனைவியிடம், "உன் தம்பிக்கு இப்ப என்ன வேணுமாம்?" அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இவருக்கு வெளுத்ததும் பேய்தான்.

அவர் மனைவி ஒரு பல் டாக்டரின் வரவேற்பு மேசையில் காலமெல்லாம் உட்கார்ந்து ஓய்வு பெற்றவள். அந்தச் சமயத்தில் அவள் தம்பி ஒரு கீபோர்டு வாங்கிக் கொடுத்தான். அவளும் பக்கத்துத் தெருவில் ஒரு பியானோ மாஸ்டரிடம் வாரம் ஒரு நாள் வகுப்புக்குப் போக ஆரம்பித்தாள். வீட்டில் வாசித்துப் பழகியபோது, தலை வலிக்கிறது என்று இவரே போய் ஒரு ஹெட்போன் வாங்கிவந்து மாட்டிவிட்டார். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டியில் விட்டுக்கொண்ட கதைதான். அதற்கப்புறம் அவள் என்ன வாசிக்கிறாள் என்பது அவள் காதுக்கு மட்டுமே தெரிந்தது. விரல் போகும், முகம் மலரும், சில சமயம் தனக்குத் தானே சிரிப்பாள். பேப்பரைப் படிக்கிற மாதிரி பிடித்துக்கொண்டு படிக்கல் அவளையே பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒரு நாள் கேட்டே விட்டார்.

"அது என்ன பாட்டு?"

"பாட்டுன்னு இல்லைங்க. நானா எதையோ வாசிக்கிறேன்."

"எதையோன்னா? புஸ்தகம் எங்க?"

"மாஸ்டர் புஸ்தகமே தர்றதில்ல. கருப்புக் கட்டைய மட்டும் தொடுங்க, மனசுல வர்றத வாசிங்கன்னு சொல்லுவார். அவர் இந்தப் பக்கம் உட்கார்ந்து அடியில ஒரே மாதிரி வாசிச்சுட்டே இருப்பார். நான் மேல இஷ்டத்துக்குப் போவேன். கருப்புல மட்டும் போனா எங்க விரல் வெச்சாலும் தப்பு வராது."

தப்பே வராதாமே. படிக்கலுக்கு மூக்கு வியர்த்தது. தப்பு வராத தராசு என்று ஒன்றை அவர் இந்த உத்தியோகத்தில் இன்னும் பார்த்ததில்லை. புத்தகம் இல்லை, பரீட்சை இல்லை, வாசிக்கிறதற்கு ஒரு பெயர்கூட இல்லை. அப்படியானால் அங்கே என்னதான் நடக்கிறது? அதோடு 'இந்தப் பக்கம் உட்கார்ந்து' என்றாளே, எந்தப் பக்கம், எவ்வளவு பக்கம்? வெட்கத்தை விட்டுச் சொன்னால், அவருக்குப் பயமாக இருந்தது. இந்த வயதில் பெண்டாட்டி கை நழுவிப் போய்விடுவாளோ என்ற பயம். ஊருக்கெல்லாம் முத்திரை குத்துகிற ஆள் இதை யாரிடம் போய்ச் சொல்லுவார்?

அடுத்த வகுப்பு நாளில் அரை நாள் லீவு போட்டார். சொல்லாமல் கொள்ளாமல் போய் நிற்பதுதான் அவர் தொழிலில் முறை. மாஸ்டர் வீட்டு மாடிப்படியில் பூனை மாதிரி ஏறி, ஒருக்களித்திருந்த கதவின் இடுக்கு வழியாகப் பார்த்தார். ஒரே பெஞ்சுதான். மாஸ்டருக்கு இவரைவிட வயது அதிகம், நல்ல வழுக்கை, மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். அதில் கொஞ்சம் ஆறுதல். ஆனால் வழுக்கையை நம்பி எதையும் முடிவு பண்ண முடியாது.

"இன்னிக்கு ஒரு ஆளை வாசிங்கம்மா," என்றார் மாஸ்டர். "உங்க வீட்டு ஆளாவே இருக்கட்டும்."

அவள் இரண்டு சுரத்தை அழுத்தி நிறுத்தினாள். மறுபடி அதே இரண்டு. அங்கிருந்து கொஞ்ச தூரம் போனாள். போன வேகத்தில் திரும்பி வந்து மறுபடியும் அதையே அழுத்தினாள்.

மாஸ்டர் சிரித்தார். "போனவர் எதுக்குத் திரும்பி வந்தார்?"

"பூட்டை இழுத்துப் பாக்குறார் மாஸ்டர். தெருமுனை வரைக்கும் போவார். திரும்பி வந்து இன்னொரு தடவை இழுப்பார்."

அவளும் சிரித்தாள். படிக்கலுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. வீட்டு மானத்தை இப்படியா கப்பலேற்றுவது? உள்ளே போய் நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று கதவில் கை வைத்தார்.

"சரி, அவர் பூட்டை இழுத்துட்டு இருக்கட்டும், அதை நான் பாத்துக்கறேன்," என்று மாஸ்டர் அந்த இரண்டு சுரத்தையும் தன் பக்கத்தில் திரும்பத் திரும்ப வாசிக்க ஆரம்பித்தார். "இப்ப நீங்க உள்ள வாங்க. அதே வீட்ல நீங்க எப்படி இருப்பீங்க?"

அவள் கை கட்டைமேல் இருந்தது. விரல் அசையவில்லை.

"எங்க வேணா வைக்கலாம்மா. தப்பு வராது."

"தெரியும் மாஸ்டர். அவர் இருக்கும்போது நான் சும்மாதான் இருப்பேன். எதைச் செஞ்சாலும் ஏன்னு கேப்பார். சிரிச்சாக்கூட எதுக்குச் சிரிச்சேன்னு சொல்லணும். சத்தமில்லாம இருந்தே பழகிடுச்சு."

அதைக் குறையாகச் சொல்லவில்லை அவள். டாக்டர் இன்னும் வரவில்லை, உட்காருங்கள் என்று நோயாளியிடம் சொல்கிற குரலில் சொன்னாள். எரிந்துகொண்டிருந்த மனுஷனுக்கு நெஞ்சு சில்லென்று ஆகிவிட்டது. கதவில் வைத்த கை பாரத்துக்குக் கதவு தானே திறந்துகொண்டது.

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். அவரைக் கண்டதும் அவள் கை சட்டென்று கட்டையை விட்டு மடிக்குப் போயிற்று. அந்தக் கையை அவருக்கு நன்றாகத் தெரியும். அவர் நுழைந்தவுடன் வியாபாரிகளின் கை தராசுத் தட்டை விட்டு இப்படித்தான் பின்வாங்கும். இத்தனை வருஷமும் அதைத் திருட்டுக்கு அடையாளம் என்றே நினைத்திருந்தார். ஒரு தப்பும் செய்யாத கையும் அப்படிப் போகும் என்பது இப்போதுதான் உறைத்தது.

"என்னங்க, என்ன ஆச்சு?" என்று எழுந்தாள். முகத்தில் இருந்த சிரிப்பு எங்கே போயிற்றோ.

"ஒண்ணுமில்ல. இந்தப் பக்கம் வந்தேன்." அப்பட்டமான பொய். "நீ வாசி. நான் கீழ நிக்கிறேன்."

கதவைச் சாத்திவிட்டு இறங்கி வந்து வாசலில் நின்றார். மேலே ஜன்னல் திறந்திருந்தது. சத்தமே இல்லை. ஏன் நிறுத்திவிட்டார்கள்? என்ன பேசிக்கொள்கிறார்கள்? பழக்க தோஷம், ஒரு கால் படிமேல்கூட ஏறிவிட்டது. அப்புறம்தான் புரிந்தது. கீழே நிற்கிறேன் என்று சொல்லிவிட்டல்லவா வந்தோம்? ஆள் நிற்கிறவரைக்கும் அவள் எப்படி வாசிப்பாள்?

காலை எடுத்துக்கொண்டார். ஆபீஸ் ஷூ மாடி ஜன்னலுக்குக் கேட்கட்டும் என்று டக் டக்கென்று தரையில் அடித்து நடந்தார். எதிரில் வந்தவர்கள் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். பாதித் தெரு தாண்டியபோது பின்னால் பியானோ கேட்டது. முதலில் மாஸ்டரின் இரண்டு சுரம். அதற்கு மேல் வேறொன்று, தயங்கித் தயங்கி எடுத்து வைத்து, அப்புறம் கிடுகிடுவென்று ஓடியது.

ஒரு நிமிஷம் நின்று கேட்கவேண்டும் என்று உயிர் துடித்தது. ஷூ சத்தம் நின்றால் அதுவும் நின்றுவிடுமோ என்று பயந்து, அது காதில் விழாத தூரம் வரைக்கும் நடந்துகொண்டே இருந்தார்.