கரெண்ட் வந்தால்தான் சோலார் வரும்: கனகபுரா சாலையில் ஒரு சனிக்கிழமை

மர்பி டவுனில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் மூன்றாவது மாடி கட்டுகிறார். காலை எட்டு மணிக்கு டிரில் ஆரம்பித்தால் நமக்குப் பல் ஆடும். போன சனிக்கிழமை பதினொன்றரைக்கு என் மனைவி கவிதாவுக்கு வீடியோவில் இன்டர்வியூ. அவள் டீசல் ஜெனரேட்டர் கம்பெனியில் சர்வீஸ் இன்ஜினியர். அடுக்குமாடிகள் எல்லாம் பேட்டரிக்கு மாறிக்கொண்டிருப்பதால் அவள் பிரிவையே மூடப் போகிறார்கள். இன்டர்வியூவும் ஒரு பேட்டரி கம்பெனியில்தான். இது கைநழுவினால் வீட்டில் என் சம்பளம் மட்டும்தான்.

அமைதியான இடம் வேண்டுமென்று நான்தான் அந்தப் பண்ணை வீட்டைப் பிடித்தேன். ஹாரோஹள்ளி தாண்டி, எங்கள் வீட்டிலிருந்து ஐம்பது கிலோமீட்டர். பகல் வாடகை 2,500 ரூபாய். விளம்பரத்தில் "முழுக்க முழுக்க சோலார்" என்று கொட்டை எழுத்து. அதை நம்பினேன் பாருங்கள்.

ஆறரைக்கு ஸ்கூட்டரில் கிளம்பினோம். பனசங்கரியைத் தாண்டவே ஒன்றேகால் மணி நேரம். சனிக்கிழமை காலையில் இத்தனை பேர் எங்கேதான் போகிறார்கள்? (நாங்களும்தான் போனோம், சரி.) வழியில் தட்டு இட்லியும் காபியும், இரண்டு பேருக்கு 140 ரூபாய். அன்றைக்குக் குறை சொல்ல முடியாத ஒரே விஷயம் அந்த இட்லிதான்.

பண்ணை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்து லேப்டாப்பைத் திறந்து வைத்தாயிற்று. பத்தே முக்காலுக்குக் கரெண்ட் போனது. ஃபேன் நின்றது, வைஃபையும் போயிற்று. வெளியே மண்டையைப் பிளக்கும் வெயில், மாடி நிறைய பேனல். வீட்டுக்காரர் மஞ்சுநாத்தைத் தேடிப் போனேன்.

"சோலார்தானே சார்? ஏன் நின்னுச்சு?"

"லைன் வந்தாத்தான் சார் சோலார் வரும். லைன் போனா இதுவும் ஆஃப்."

"அப்ப இந்த வெயில் எதுக்கு?"

"சொல்ப, கொஞ்சம் பொறுங்க சார். நான் பேட்டரி வைக்கல. கம்பத்துல ஆள் ஏறியிருக்கான், இறங்கினதும் வந்துடும்."

"ஜெனரேட்டராவது இருக்கா?"

"சோலார் போட்டதும் அத வித்துட்டேன்."

கவிதா சிரித்துவிட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"லைன் போனா பேனலும் நிக்கணுங்க. இல்லேன்னா நம்ம மாடிக் கரெண்ட் கம்பி வழியாப் போயி, மேல இருக்கற ஆளுக்கு அடிச்சிடும்," என்றாள். நியாயம்தான். அந்த நியாயத்துக்கு 2,500 ரூபாய் கொடுத்தவன் நான்.

மொபைல் சிக்னல் மாடியில் மட்டும்தான் இருந்தது. ஆளுயரக் கம்பிகள் மேல் நின்ற பேனல்களின் நிழலில், லேப்டாப்பை மடியில் வைத்து உட்கார்ந்தாள். சிக்னல் விழுந்த மூலையில் மொபைலைப் பிடித்துக்கொண்டு நான் நாற்பது நிமிடம் வெயிலில் நின்றேன்.

"பின்னால் பேனல் தெரிகிறதே, சோலார் வீடா?" என்று கேட்டார் எதிர்ப்பக்கம் இருந்தவர். ஆமாம் என்று சொல்லி முடி என்று நான் கண்ணைக் காட்டினேன். அவளோ உள்ளதையெல்லாம் சொன்னாள். கரெண்ட் இல்லை, பேனல் ஓடவில்லை, வீட்டுக்காரர் ஜெனரேட்டரை விற்றுவிட்டார் என்று வரிசையாக. பிறகு சொன்னாள்: "கரெண்ட் போகிற அந்த நிமிடத்தில் ஒரு வீட்டுக்கு என்ன தேவை என்பதுதான் இத்தனை வருடமாக என் வேலை. ஜெனரேட்டர் போய்விட்டது, அந்த நிமிடம் இன்னும் போகவில்லை." இந்த நேரத்தில் சிக்னல் போய்விடக் கூடாதே என்று மொபைலை இன்னும் உயரத் தூக்கினேன்.

கால் முடிந்த பிறகுதான் கரெண்ட் வந்தது. வேறு எப்போது வரும்? வாடகையில் ஒரு ரூபாய்கூடக் குறைக்காத மஞ்சுநாத், ஸ்கூட்டர் வரைக்கும் வந்து, "மேடம், பேட்டரி வெச்சா எவ்ளோ ஆகும்?" என்றார். கவிதா அரை மணி நேரம் நின்று விளக்கினாள், வேலையே கிடைத்துவிட்ட மாதிரி.

இந்தப் பக்கம் போகிறவர்களுக்கு: பனசங்கரியை ஏழு மணிக்குள் தாண்டிவிடுங்கள். தொப்பி எடுத்துக்கொள்ளுங்கள். சோலார் என்று எழுதியிருந்தால், "கரெண்ட் போனால் என்னென்ன ஓடும்?" என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். ஏனென்றால் இந்த ஊரில் பேனல் வைத்தவர்கள் நிறைய, அந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் குறைவு.

புதன்கிழமை கவிதாவுக்கு வேலைக்கான ஆர்டர் வந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவள் முதலில் போன் போட்டது மஞ்சுநாத்துக்கு. வேலையில் சேர்ந்ததும் அளவெடுக்கப் போகிறாளாம், அன்றைக்கு வாடகை கிடையாதாம். நான் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். இங்கே டிரில் சத்தம் கேட்கிறவரைக்கும் வீட்டில் கரெண்ட் இருக்கிறது என்று அர்த்தம். எனக்கு அது போதும்.