கம்பியாரும் நூறாவது நம்பரும்

"வண்டிய ஆஃப் பண்ணு, ஆஃப் பண்ணு!"

வேனோட பின்சீட்டுலேர்ந்து கம்பியார் கத்துறாரு. அவரு வீட்டம்மா ஓரமா நிறுத்தி சாவியத் திருகுறாங்க. இஞ்சின் ஓடுனா ரேடியோவுல இரைச்சலாம். அஞ்சு மணி நேரத்து ரோடு, காலையிலேர்ந்து ஒம்பது மணி நேரமா நீளுது.

"பேத்தி பொறந்து ஆறு நாளாச்சு. இந்த லட்சணத்துல போனா அவ பள்ளிக்கூடத்துக்கே கெளம்பிடுவா."

"சும்மா இரு, கடலுக்கு அந்தாண்டேர்ந்து ஒருத்தன் கூப்புடுறான்."

"பக்கத்து ரூம்லேர்ந்து நான் கூப்புட்டா விழாத காது!"

ஆளு ஃப்ரிட்ஜ் ரிப்பேர் பாக்குறவரு. எங்க போனாலும் தோள்ல ஒரு சுருள் செம்புக் கம்பி. மரமோ மாடியோ, எது கெடச்சாலும் கட்டி ரேடியோவ மாட்டிருவாரு. ஒருதரம் வேலைக்குப் போன வீட்டு மொட்டமாடியில கம்பி கட்டி உக்காந்தவரு, கீழ ஃப்ரிட்ஜக் கழட்டிப் போட்டதையே மறந்துட்டாரு.

வருஷத்துக்கு ஒருநாள் ஹாம் ரேடியோக்காரங்களுக்குப் போட்டி, வானலையிலயே ஊர் ஊரா ஆளுங்களக் கூப்புட்டுப் பேசணும். சாயங்காலம் ஆறு மணிக்குள்ள எத்தனை பேரப் புடிக்கிறோமோ அத்தனை நல்லது. பேசுற ரெண்டு பேரும், இது தனக்கு எத்தனாவது ஆளுன்னு வரிசை நம்பர் சொல்லணும், எப்படிக் கேக்குதுன்னு மார்க்கும் போடணும். ஒசத்தி மார்க் அம்பத்தொம்பது. கேட்டாலும் கேக்காட்டியும் எல்லாரும் அதையேதான் போடுவாங்க. "அம்பத்தொம்பது! ஒண்ணும் புரியல, திருப்பிச் சொல்லு!"ம்பாரு கம்பியார். வீட்டுச் சாப்பாட்டுக்கும் அதே மார்க்குதான்.

"இன்னைக்கு உப்பே போடலயே?"

"அதான் சொல்றேன், அம்பத்தொம்பது."

தனி ஆளா நூறு அடிச்சா ஒரு சான்றிதழ் வரும். அதுக்காக இருவது வருஷம் முன்னாடியே சுவத்துல ஆணி அடிச்சுட்டாரு. இப்ப அதுல கொடை தொங்குது. கூட இன்னொரு வாய் சேந்தா குழுக் கணக்குல தள்ளிருவாங்க. அங்க ஆயிரம் ரெண்டாயிரம்னு அடிக்கிறவங்க இருக்காங்க, கிட்டவே நிக்க முடியாது. அதனால வீட்டம்மா மைக்குப் பக்கம் தும்மக்கூடக் கூடாது.

மக வீட்டு வாசல்ல வேன் நின்னப்ப மணி அஞ்சே முக்கால். நோட்டுல தொண்ணூத்தொம்பது. துணி காயப்போடுற கம்பத்துல கம்பியக் கட்டிட்டு மறுபடி வேனுக்குள்ள ஏறிட்டாரு.

"மொதல்ல பேத்தி மொகத்தப் பாருங்க!"

"நூறடிச்சுட்டு வரேன். அவளுக்கும் பெருமதானே!"

"உங்களப் பத்தித் தெரியும்ப்பா"ன்னு மகளே புள்ளயத் தூக்கியாந்து அவரு மடியில போட்டுட்டா. தூங்குது புள்ள. ஒரு கையில அது, ஒரு கையில மைக்கு.

கெணத்துக்குள்ளேர்ந்து பேசுற மாதிரி ஒருத்தன் சிக்குனான், அவன் நம்பரையும் சொல்லிட்டான். கம்பியார் தொண்ட கிழிய நம்பரச் சொல்றாரு. "அம்பத்தொம்பது, ஒண்ணும் கேக்கல"ங்குறான் அவன். மணி அஞ்சு அம்பத்தெட்டு. இன்னொரு கத்து கத்துனாரு பாருங்க, புள்ள திடுக்குனு முழிச்சு வீல்னு வீறிட்டுச்சு. மைக்குப் பொத்தான அழுத்துன வெரல எடுக்க மறந்துட்டாரு மனுஷன்.

அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு.

"அது யாருய்யா? நெஜமாவே அம்பத்தொம்பது! அந்தச் சத்தத்த வச்சு ஆண்டெனாவ உன் பக்கம் திருப்பிட்டேன், சொல்லு நம்பர!"

"நூறு! நூறு!"

"நூறு. சரி."

ஆறு அடிச்சுது. வீட்டம்மா ஸ்டியரிங்குலயே தாளம் போட்டாங்க. "ஆணிக்கு விடிவு வந்துச்சு. கொடைய எங்க மாட்டுறது?"

கம்பியார் போட்டிக்கு அனுப்புற தாள எடுத்தாரு. நம்ம பக்கம் மைக்குல பேசுனவங்க எத்தனை பேருங்கிற கட்டத்துல 'ஒண்ணு'ன்னு காலையிலயே எழுதி வச்சிருந்தாரு. மடியில இன்னும் விசும்பிக்கிட்டிருந்த புள்ளயப் பாத்தாரு. பேனா மூடியப் பல்லாலயே கழட்டுனாரு. ஒண்ண அடிச்சுட்டு, 'ரெண்டு'ன்னு எழுதுனாரு.